இல்லைன்னு சொல்ல ஒரு ஆள்

அவகிட்டப் போய் "கதை நல்லாருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லிறக் கூடாது. சொன்னா கண்ணைச் சுருக்கிக்கிட்டு, "யாரு இல்லைன்னா?"ம்பா. அந்த 'யாரு'ல ஒரு இழுப்பு இருக்கும் பாருங்க, கேக்குறவங்களுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துரும். வெயில் அடிக்குதுன்னு சொன்னாலும் அதே கேள்வி. பஸ்ல கூட்டம்னு சொன்னாலும் அதே கேள்வி. யாரும் மறுத்துப் பேச முடியாத பேச்சைப் பேசி எதுக்கு வாயை வலிக்க வைக்கணும்ங்கறது அவ கட்சி.

அவ பேரை இங்க சொல்லப் போறதில்ல. அவளுக்கும் பிடிக்காது, அவ புகுந்த வீட்டுக்கும் பிடிக்காது. அவ வாயால அந்த 'யாரு இல்லைன்னா'வைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. இன்னொரு தடவை கேட்டுற மாட்டமான்னு கிடந்து ஏங்குறேன், அம்புட்டுதான் விஷயம்.

நாங்க ரெண்டு பேரும் தபால்ல எம்.ஏ. தமிழ் படிச்சவுக. அவ திண்டுக்கல் டவுன்ல தோல் வியாபாரம் பாக்குற குடும்பத்துப் பொண்ணு. கட்டிக்குடுத்ததும் அதே ஊர்ல, அதே தொழில்ல. நான் வத்தலக்குண்டுப் பக்கம் மல்லிகை போடுற வீடு, ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு டவுன்ல ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தைக் குடுத்திருந்தாங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைக உக்கார்ற பெஞ்சு. கல்யாணமாகிப் பிள்ளை பெத்தவுகளும் நரை தட்டுனவுகளும் அதுல முட்டி இடிக்க உக்காந்து இலக்கியம் படிச்சோம்.

ஒருநாள் வகுப்பெடுத்த சார் சொன்னாரு. இலக்கியத்தைப் பத்திக் கட்டுரை எழுதுனா முதல் பத்தியிலயே உங்க வாதம் ஒத்தை வாக்கியத்துல வந்துறணும். கதையில என்ன நடக்குதுங்கறது வாதம் இல்ல. அது ஏன் அப்படி நடக்குது, அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க நினைக்கிறதுதான் வாதம். அந்த வாக்கியம் நிக்குதா விழுகுதான்னு காட்டுறதுதான் மிச்சக் கட்டுரைன்னாரு. நாங்க எல்லாரும் பவ்வியமா எழுதிக்கிட்டோம். எழுதுனதோட சரி. அவளுக்குத்தான் அது பேய் பிடிச்ச மாதிரி பிடிச்சிருச்சு.

எழுதச் சொல்லிக் குடுத்தது ஒரு சின்னக் கதை. தம்பிக்காரன் ஒருத்தன் வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவான். பாகம் பிரிக்காத நிலத்துல தன் பங்கை இந்தத் தடவை கேட்டுறணும்னு பஸ்ல போறப்பவே மனசுக்குள்ள பேசிப் பேசிப் பாத்துக்குவான். அங்க போய்ச் சாப்பிடுவான், சாமி கும்பிடுவான், தூங்கி எந்திரிப்பான், கேக்காமயே திரும்பி வந்துருவான். கதை முடிஞ்சுபோச்சு. நான் கைடைப் பாத்து, 'இக்கதை சகோதர பாசத்தை அழகாகச் சித்தரிக்கிறது'ன்னு தொடங்கியிருந்தேன். கையெழுத்து வேற முத்து முத்தா இருந்துச்சு. பக்கத்துல இருந்தவ எட்டிப் பாத்தா. அதுவரைக்கும் அவளும் நானும் ஒரு வார்த்தை பேசுனதில்ல.

"யாரு இல்லைன்னா?"

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. அப்ப நீங்கதான் சொல்லுங்களேன்னேன். அவ யோசிக்கவே இல்ல. பங்கைக் கேட்டுட்டா அடுத்த வருஷம் அந்த வீட்டுக்குப் போறதுக்கு அவனுக்கு ஒரு சாக்கு இருக்காது, அதுனாலதான் கேக்கலைன்னா. எதை வச்சுச் சொல்றீங்கன்னேன். புத்தகத்தைத் திருப்பி ஒரு இடத்துல விரலை வச்சா. போறப்ப பஸ் சன்னலைச் சாத்திக்கிட்டுப் போறவன் திரும்பி வர்றப்பத் தொறந்து வச்சுக்கிட்டு வாரான். தோத்துட்டு வர்றவன் காத்து வாங்கிக்கிட்டு வருவானான்னு கேட்டா. நானும் அந்த வரியைப் படிச்சவதானே, சன்னல் எனக்குச் சன்னலாத்தான் தெரிஞ்சது.

வீட்டுக்குப் போய் அந்த வாரம் பூராம் அதே கதையைப் படிச்சுக்கிட்டே கிடந்தேன். பூக்கட்டுறப்பக்கூட மடியில புத்தகம். எங்கம்மா, எவனுக்கோ காகிதம் எழுதுறான்னு சந்தேகப்பட்டு ரெண்டு நாள் என் பின்னாடியே திரிஞ்சுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உக்காந்ததும் உக்காராததுமா என் வாதத்தை எடுத்து வச்சேன். அவன் கேக்காதது ரோஷத்துல. கேட்டு வாங்குனா அது பிச்சை. அண்ணனா வாயைத் தொறந்து 'இந்தாடா உன் பங்கு'ன்னு சொல்லணும்னு காத்துக் கிடக்கான். ஆதாரம் வேணுமா, அண்ணன் தொண்டையைச் செருமுற இடத்துலயெல்லாம் தம்பி கை சோத்துலயே நின்னுருதுல்ல, அதுதான். சொல்லிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தேன். அவ புத்தகத்தை மூடி வச்சா.

"இது நிக்கும் புள்ள. தப்புதான், ஆனா நிக்கும்."

'நீங்க' போய் 'புள்ள' ஆனது அன்னைக்குத்தான். வகுப்பு முடிஞ்சு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீ வாங்கிக் குடுத்தா. டீக்கடை மேசையில கிளாஸ் வச்ச ஈரம் இருக்குமில்ல, அதுல விரலைத் தொட்டுத் தொட்டு வாக்கியம் எழுதுவா. எழுதி, தலையைச் சாய்ச்சுப் பாத்து, உள்ளங்கையால அழிச்சுட்டு மறுபடி எழுதுவா. 'ஆனா'ன்னு ஒரு சொல்லாவது வாக்கியத்துல இருந்தாத்தான் அதுக்கு உசுரு இருக்கும்பா. கடைக்காரர் துணியைக் கையில வச்சுக்கிட்டு, இந்தம்மா எப்ப முடிக்கும்னு நின்னுக்கிட்டிருப்பாரு. என் வத்தலக்குண்டு பஸ்ஸு போயிரும். அடுத்த பஸ்ஸும் போயிரும். அந்தத் தம்பிக்காரனை நாங்க பிச்சு மேய்ஞ்ச மாதிரி எழுதுன ஆளுகூட மேய்ஞ்சிருக்க மாட்டாரு.

படிப்புக்கு வெளியிலயும் அவ அப்படித்தான். நான் கட்டிட்டுப் போன புளிச்சோத்தை ஒரு வாய் போட்டுட்டு, இது உங்கம்மா செஞ்சதில்ல, நீ செஞ்சது, அதுவும் கோவமா இருக்கறப்பச் செஞ்சதும்பா. எதை வச்சுன்னா, கடலை ஒரு பக்கம் கருகியிருக்கு, கிண்டிவிடாம எங்கேயோ பாத்துக்கிட்டு நின்னுருக்கம்பா. அது நெசமாத்தான் இருக்கும்.

எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப நடந்ததைச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க. பழனிப் பக்கம் கீரனூர்ல இருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. சொந்தக்காரங்க அத்தனை பேரும், தங்கமான பையன், அதிர்ந்து பேசாத பையன்னு ஒரே பாட்டு. நான் அவளுக்குப் போன் போட்டேன். தங்கமான பையன்னா அது வாதமான்னு கேட்டா. அவனைப் பெத்தவளே 'அப்படியெல்லாம் இல்லைங்க'ன்னு சண்டைக்கு வர்ற மாதிரி ஒரு வரி சொல்லு, அப்புறம் பாப்போம்னா. நான் யோசிச்சுச் சொன்னேன். அவருக்குப் பேச்சு வராதுங்கறாங்க, எனக்கென்னமோ பேசறதுக்கு ஆள் கிடைக்காமத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்காருன்னு தோணுது. ஆதாரம், கிளம்புறப்பச் செருப்புத் தேடுற சாக்குல எங்க பசுமாட்டுகிட்ட நின்னு, 'ஏனுங்க, தண்ணி குடிச்சீங்களா'ன்னு மரியாதையா விசாரிச்சுக்கிட்டிருந்தாரு. அந்தப் பக்கம் அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. கட்டிக்கன்னுட்டா. கட்டிக்கிட்டேன். அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் வாயை மூடல.

எங்கப்பா செத்தப்ப வந்தா. திண்டுக்கல்ல இருந்து பஸ் பிடிச்சு, பொடி நடையா பூக்காட்டு வழியா வந்து எம்பக்கத்துல உக்காந்தா. வந்தவங்க எல்லாரும் நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லிச் சொல்லி எனக்குக் காது மரத்துப் போயிருந்துச்சு. அழுகையும் வரல. கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் பேசுனா, ஆனா எங்க சின்னத்தை வரைக்கும் கேட்டுருச்சு.

"உன்னையப் படிக்க வைக்கிறதுல உங்கப்பாவுக்கு இஷ்டமே இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமைன்னா உனக்கு முன்னாடி அவரு பஸ் ஸ்டாப்புல நின்னாரு. இஷ்டமா செய்யறது ஒண்ணும் பெருசில்ல புள்ள. அவரு இஷ்டமில்லாமச் செஞ்சாரு."

சின்னத்தை, எழவு வீட்டுல வந்து பேசுற பேச்சா இதுன்னு சண்டைக்கே வந்துருச்சு. எனக்கு அப்பத்தான் உடைஞ்சுச்சு. எங்கப்பா கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில பூ வாசத்தோட, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நின்ன மாதிரியே கண்ணு முன்னாடி வந்துட்டாரு. ஓன்னு அழுதேன். அவ கையை விடவே இல்ல.

எல்லாருக்கும் இது பிடிக்குமா? பிடிக்காது. அவ வீட்டுலயே அவளுக்கு வாய் நீளம்னுதான் பேரு. அத்தா மட்டும், எம்மக பேசுனா நாலு பேரு யோசிப்பாங்கன்னு பெருமையாச் சொல்லிக்குவாரு. அவ மாமியார் அப்படி நினைக்கல. ஒரு விசேஷத்துல, எங்க மருமக குர்மா மாதிரி யாரு வைப்பாங்கன்னு அவுக சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லப்போய், இவ, அது நேத்து கசகசா கூடிப்போச்சு மாமி, நீங்க சொல்ல வந்தது வேறன்னுட்டா. பாசமாச் சொன்ன பேச்சைப் பிடிச்சு இப்படி உரிச்சா யாருக்குத்தான் பொறுக்கும்? எனக்கே சில நாளு, இவகிட்ட ஒரு பேச்சு நிம்மதியாப் பேச முடியலயேன்னு எரிச்சல் வந்திருக்கு.

பரீட்சையில நடந்ததுதான் கூத்து. நாங்க எதிர்பாத்த மாதிரியே அந்தக் கதை வந்துருச்சு. தம்பி கேக்காததுக்குக் காரணத்தை ஆராய்கன்னு கேள்வி. மள மளன்னு எழுதிட்டு வெளிய வந்தேன். வாசல் கேட்டுப் பக்கத்துல அவ நிக்கிறா. என்ன எழுதுனன்னா. எனக்குச் சொல்ல வெக்கம். உன்னுதைத்தான் எழுதுனேன்னேன். என் வாதத்துக்கு அவ அடிச்ச அடியில, அவ வாதத்துக்குத்தான் எங்கிட்ட ஆதாரம் நிறையா சேந்துபோச்சு. பேனா தானா அந்தப் பக்கம் போயிருச்சு. அவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. அவ என்னுதை எழுதிட்டு வந்திருக்கா. ரெண்டு வருஷமா என்னைத் தோக்கடிக்கறதுக்காக என் வாதத்தை அவ அம்புட்டு உள்ள போய்ப் பாத்திருக்கா. நடுரோட்டுல நின்னு ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கிட்டோம். உன் கட்சிக்கு நீ நிக்காம நான் நிக்கணுமான்னு கேட்டா. ஆட்டோக்காரங்க நிறுத்தி வேடிக்கை பாத்தாங்க. ரெண்டு பேரும் பாஸ். அதுக்கப்புறம் பாத்தப்ப அவ பழையபடி அவ கட்சி, நான் என் கட்சி.

அப்புறம் அவ வீட்டுக்காரருக்கு ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை கிடைச்சுக் குடும்பத்தோட போயிட்டாங்க. மாமியாரும் கூட. ஆரம்பத்துல தினமும் போன். அப்புறம் வாரத்துக்கு ஒருக்க. அப்புறம் பெருநாளுக்கு அவளும், பொங்கலுக்கு நானும். அதுவும் நின்னப்ப, அவளா கூப்பிடட்டும்னு நான் இருந்தேன். எத்தனை தடவை நம்பரை எடுத்து வச்சுக்கிட்டுப் பாத்திருக்கேன். கூப்பிடல. என் கட்சி அப்படி, என்ன செய்ய.

போன வருஷம் அவ அண்ணன் மக கல்யாணத்துக்கு டவுன் மண்டபத்துக்கு என்னையக் கூப்பிட்டிருந்தாங்க. அவளைப் பாக்கத்தான் போனேன். பட்டுச்சேலை, கை நிறைய வளையல், கொஞ்சம் இளைச்ச மாதிரி. எப்படி இருக்கன்னேன். நல்லாருக்கேன் புள்ளன்னா. ஆம்பூர் எப்படின்னேன். நல்ல ஊருன்னா. மாமி எப்படி இருக்காகன்னேன். நல்லாருக்காகன்னா. பந்தியில பிரியாணி வந்துச்சு, நல்லாருக்குல்லன்னு என்னையப் பாத்துக் கேட்டா. அரிசி குழைஞ்சிருந்துச்சு, கறி வேகல. அவ எம்புட்டுப் பேசியிருக்கணும் அதைப் பத்தி! யாரு இல்லைன்னான்னு அவளை மாதிரியே இழுத்துக் கேட்டுறலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எதிர்த்த வரிசையில அவ மாமியார் உக்காந்திருந்தாக, முழுங்கிட்டேன். டம்ளர் வச்ச ஈரம் மேசையில வட்டமா இருந்துச்சு. அவ முந்தானையால அதைச் சுத்தமாத் துடைச்சு விட்டா.

வந்ததுல இருந்து மனசு ஆறல. எங்கெங்கயோ பேசுறாங்க, டிவியில பேசுறாங்க, எங்க பள்ளிக்கூடத்துல பேசுறாங்க, எல்லாம் யாரும் மறுக்க முடியாத பேச்சு. ஒரு வாக்கியத்தைக் கேட்டா அவளை நினைக்காம என்னால இருக்க முடியல. கடைசியில என் ரோஷத்தை ஒதுக்கி வச்சுட்டு, போன வாரம் வாட்ஸாப்புல பேசி அனுப்புனேன். ஒண்ணும் விசாரிக்கல. இப்பவும் சொல்றேன், அந்தத் தம்பிக்காரன் ரோஷக்காரன்தான், உன்னால முடிஞ்சா மறுத்துப் பாருன்னு அனுப்புனேன். சண்டைக்கு இழுத்தா வருவாள்ல, அதுக்குத்தான்.

மறுநாள் பதில் வந்துச்சு. பின்னாடி குக்கர் விசில் சத்தம், யாரோ கூப்பிடுற சத்தம். நடுவுல அவ குரலு.

"ஆமா புள்ள. நீ சொன்னதுதான் சரி."

அம்புட்டுதான். எதை வச்சு சரிங்கறா, எந்த இடத்துல மனசு மாறுனா, ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷம் போட்ட சண்டையில நான் ஜெயிச்சுட்டேன். அடுப்படியில நின்னு அழுதேன். எங்க வீட்டுக்காரரு வந்து பாத்துட்டு, "ஏனம்மிணி, ஜெயிச்சதுக்கு யாராச்சும் அழுவாங்களா?"ன்னு கேட்டாரு. சண்டை முடிஞ்சா இனி எதைச் சாக்கு வச்சு நான் அவகிட்டப் போவேன்? அவ சொன்னதுதான் சரி, அந்தக் கதையில அவ சொன்னதுதான் சரின்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அதைச் சொல்றதுக்குத்தான் அந்தப் பழைய அவ இல்ல.

இன்னைக்குக் காலையில ஸ்கூலுக்குக் கிளம்பாம உக்காந்து ஒரு வாதம் எழுதுனேன். கதையைப் பத்தி இல்ல, அவளைப் பத்தி. 'நீ இல்லைன்னு சொல்லவே மறந்துட்ட.' ஒத்தை வாக்கியம், முதல் வரியிலயே. அதுக்குக் கீழ ஆதாரம். கல்யாண மண்டபத்துல நல்லாருக்குன்னு சொன்ன கறி. காரணம் கேக்காம ஒத்துக்கிட்ட தோல்வி. போன்ல அடிச்சு முடிச்சதும் படிச்சுப் பாத்தேன். நிக்குது. எவ்வளவு தள்ளிப் பாத்தாலும் நிக்குது. அதை விழுத்தாட்ட உலகத்துல ஒரே ஒரு ஆளாலதான் முடியும். அவ வாயைத் தொறந்து இல்லைன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும், மொத்தக் கட்டுரையும் பொடிப்பொடியாப் போயிரும். அனுப்பிட்டேன்.

பாத்துட்டா. டிக்கு நீலமாயிருச்சு. அவ எழுதுற மாதிரி காட்டுச்சு, நின்னுச்சு. மறுபடி காட்டுச்சு, நின்னுச்சு. வெளிய பூ யாவாரி வந்து கூப்பிட்டுக்கிட்டிருக்காரு, எந்திரிச்சுப் போகல. போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் எழுதுனது தப்புன்னு சொல்லு புள்ள. இந்த ஒரு தடவை நான் தோத்துப்போறேன், நீ இல்லைன்னு மட்டும் சொல்லு.